கிரேட்டர் லேக்: மலை வெடித்துப் பறந்ததா, உள்ளே விழுந்ததா?

ஒரு வாசகரின் பதிவு, ஜூலை 12

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துக் கிரேட்டர் லேக் ஏரிப் படங்களை எல்லாரும் போட்டுத் தள்ளுகிறீர்கள். எரிமலை வெடித்தது, உச்சி சிதறிப் பறந்தது, பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கியது. அவ்வளவுதானே? இதற்கு ஏன் இத்தனை உருக்கம்? அந்த நீலம் கேமரா ஃபில்டர் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 12, இரவு, என் பதில்

உச்சி பறக்கவில்லை. உள்ளே விழுந்தது. இந்த ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தால்தான் அந்த ஏரியின் ஆழமும் நிறமும் புரியும், அதனால் இதை விட்டுவிட மனம் வரவில்லை. நாளை எழுதுகிறேன்.

ஜூலை 13

சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் அங்கே மசாமா என்று இப்போது பெயர் வைத்திருக்கும் எரிமலை இருந்தது. ஒரே கூம்பு இல்லை. நாலு லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றின் தோளில் ஒன்று ஏறி வளர்ந்த எரிமலைக் கூட்டம். உயரம் ஏறத்தாழ 3,700 மீட்டர் இருந்திருக்கும் என்பது கணக்கு. இன்று அந்த இடத்தில் எட்டுக்குப் பத்து கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பள்ளம், அதற்குள் 594 மீட்டர் ஆழம் வரை தண்ணீர். அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி.

மலையின் மேல்பகுதி எங்கே போனது? வெடித்துப் பறந்திருந்தால் அந்த மலையின் பழைய பாறைகள் சுற்றுவட்டாரம் முழுக்கச் சிதறிக் கிடக்க வேண்டும். போய்ப் பார்த்தால் மைல் கணக்கில் கிடப்பது நுரைக்கல். நாம் குதிகால் தேய்க்கிற கல் இருக்கிறதே, அதே ஜாதி. கையில் எடுத்தால் எடையே தெரியாது, உடைத்தால் உள்ளே முழுக்க ஊசித்துளை. அது புதுச் சரக்கு. பூமிக்கடியில் இருந்த உருகிய குழம்பு வாயு பொங்கி நுரைத்து, வெளியே வந்து உறைந்தது. பழைய மலையின் உடைசல் அதில் கொஞ்சம்தான். காணாமல் போன மலையை ஈடுகட்ட அது எந்த மூலைக்கும் போதாது. ஜோசப் டில்லர் என்ற நிலவியலாளர் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டு, மலை விழுந்துதான் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார். 1942-இல் ஹாவல் வில்லியம்ஸ் ஏரியைச் சுற்றியுள்ள தேசியப் பூங்காவையே அலசி எழுதிய ஆய்வுக்குப் பிறகு இதில் பெரிய தகராறு இல்லை.

ஜூலை 13, கொஞ்ச நேரம் கழித்து

இன்னொரு சாட்சி. எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

பள்ளத்தின் வடக்கு விளிம்பில் கிளீட்வுட் என்ற எரிமலைக் குழம்புப் பாறை இருக்கிறது. பெரிய வெடிப்புக்குச் சற்று முன்னால் அந்தக் குழம்பு மலைச்சரிவில் வழிந்து வெளிப்பக்கம் ஓடியிருக்கிறது. மலை உள்வாங்கியபோது அது இன்னும் ஆறவில்லை. விளிம்பு அறுந்ததும் நடுவில் இளகிக் கிடந்த குழம்பு திரும்பி, புதுப் பள்ளத்துக்குள்ளேயே ஒழுகியிருக்கிறது. அந்த ஒழுகல் அப்படியே கல்லாகி இப்போதும் சுவரில் தொங்குகிறது. படகில் கீழே போகும்போது அண்ணாந்து பார்த்தால் தெரியும். ஒரு மலை விழுந்த சமயத்துக்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

தெற்கு, தென்கிழக்கு விளிம்பில் சன் நாட்ச், கெர் நாட்ச் என்று இரண்டு பெரிய வளைவுகள். பனிப்பாறை ஆறுகள் குடைந்த பள்ளத்தாக்குகள் அவை. மேலே உயரமான மலை இருந்தால்தான் அந்தப் பனி ஆறு இறங்கி வர முடியும். இன்று பள்ளத்தாக்கு இருக்கிறது, அதன் தலைமாட்டில் மலை இல்லை, வெறும் ஆகாயம்.

ஜூலை 15

"அப்போ வெடிப்பே இல்லையா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இருந்தது, பிரமாண்டமாக இருந்தது. சுமார் 50 கன கிலோமீட்டர் குழம்பு வெளியே வந்தது. சாம்பல் அமெரிக்காவில் எட்டு மாநிலங்கள், கனடாவில் மூன்று மாகாணங்கள் வரை படிந்தது. கிரீன்லாந்துப் பனிக்கட்டிக்குள்ளும் அதன் தடயம் கிடைத்திருக்கிறது. நான் சொல்வது, வெடிப்பு வெளியே தள்ளியது மலையின் உடம்பை அல்ல, மலைக்கு அடியில் இருந்ததை.

கிராமத்தில் உறைகிணறு இறக்குவதைப் பார்த்தவர்களுக்குச் சுலபமாகப் புரியும். உறையை யாரும் அடித்து இறக்குவதில்லை. உள்ளே நின்று அடிமண்ணை வாரி வெளியே போடப் போட, உறை தன் பாரத்தாலேயே இறங்கும். இங்கே நடந்ததும் அதுவே. முதலில் ஒரே வாய் வழியாக நுரைக்கல்லும் சாம்பலும் நெட்டுக்கு மேலே பாய்ந்தன. அடியில் குழம்பு தேங்கியிருந்த அறை காலியாகக் காலியாகக் கூரைக்குத் தாங்கல் போனது. மலையைச் சுற்றி வட்டமாக விரிசல் விட்டு, நடுப்பகுதி அப்படியே இறங்கியது. இறங்கிய பாரம் மிச்சக் குழம்பை அழுத்த, அது அந்த வட்ட விரிசல்கள் வழியாகப் பீறிட்டு, நெருப்பு மேகமாகப் பள்ளத்தாக்குகளில் பாய்ந்தது.

தென்கிழக்கு மூலையில் 'பினக்கிள்ஸ்' என்ற இடத்தில் இந்த வரிசையை நிறத்திலேயே படிக்கலாம். ஆற்றோரம் ஊசி ஊசியாக நிற்கும் சாம்பல் தூண்கள், சில முப்பது மீட்டர் உயரம். கீழ்ப்பாதி வெளிறிய நிறம், மேல்பாதி கரும்பழுப்பு. அறையின் மேல்மட்டத்துக் குழம்பு முதலில் வந்து அடியில் படிந்தது, அடிமட்டத்துக் குழம்பு கடைசியாக வந்து மேலே படிந்தது. அறை தலைகீழாகக் கவிழ்ந்து கிடக்கிறது என்றே சொல்லலாம். சூட்டுப் படிவின் வழியே புகைந்து வெளியேறிய வாயு, தான் போன பாதையை இறுக்கிக் கெட்டியாக்கியது. சுற்றியிருந்த இளகிய படிவை மழையும் ஓடையும் அரித்துக்கொண்டு போக, கெட்டியானது மட்டும் தூணாக நிற்கிறது.

ஏரியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இந்த இடத்தைத் தவற விடுகிறார்கள். எனக்கு அது பெரிய ஆதங்கம்.

ஜூலை 16

சரி, தண்ணீர். ஆறு எதுவும் உள்ளே வருவதில்லை, வெளியே போவதும் இல்லை. முழுக்கப் பனியும் மழையும். ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று மீட்டர் பனி கொட்டுகிற இடம் அது. விளிம்புச் சாலை பல ஆண்டுகளில் ஜூலையில்தான் முழுசாகத் திறக்கிறது. பள்ளம் இன்றைய மட்டத்துக்கு நிரம்ப ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு மேல் பிடித்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

ஜூலை 16, மாலை

"ஆண்டாண்டாகக் கொட்டினால் ஏன் வழியவில்லை?" என்று அந்த முதல் வாசகர் கேட்டிருப்பது நல்ல கேள்வி. விளிம்பு தண்ணீருக்கு மேல் பல நூறு மீட்டர் நிற்கிறது, வழிய வாய்ப்பே இல்லை. ஆனாலும் ஒரு மட்டத்துக்கு மேல் ஏறவில்லை. வெயிலில் ஆவியாவது ஒரு பங்கு. இன்னொரு பங்கு வடகிழக்குச் சுவரில் ஒரு பொத்தல் அடுக்கு வழியாகக் கசிகிறது. தண்ணீர் அந்த அடுக்கைத் தொட்ட பிறகு வரவும் செலவும் சரியாகிவிட்டது. நூறாண்டுக்கு மேலாக அளக்கிறார்கள், ஏற்ற இறக்கம் ஐந்து மீட்டருக்குள்தான்.

ஜூலை 19

நீலம் ஃபில்டரா?

இல்லை நண்பரே. நான் போர்ட்லாந்துப் பக்கம் இருக்கிறேன், காரில் நாலரை ஐந்து மணி நேரம். வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும் அங்கே கூட்டிப் போய்விடுவேன். படத்தில் வருவது குறைச்சல் நீலம்.

கரைக்கு இறங்க ஒரே பாதைதான், கிளீட்வுட் கோவ் (சீரமைப்புக்காகச் சில ஆண்டுகள் மூடுவதாக அறிவித்திருக்கிறார்கள், கிளம்பும் முன் திறந்திருக்கிறதா என்று பாருங்கள்). இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, ஆனால் இருநூறு மீட்டருக்கு மேல் இறக்கம். முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறி வருவதை யோசித்துக்கொண்டு இறங்குங்கள். கீழே பாறையில் உட்கார்ந்து இரண்டு கையையும் குவித்து அள்ளினால் தண்ணீருக்கு நிறமே இல்லை, ரேகை தெரிகிறது. பாறையின் பாதத்தில் கல் கல்லாக எண்ணலாம். ஒரு முழம் தள்ளிப் பச்சை கலந்த நீலம். அதற்கு அப்பால் அடி சட்டென்று விழுந்துவிடுகிறது, அங்கிருந்து மையின் அடர்த்தி. இந்த மாற்றம் மொத்தமும் நாலைந்து அடி தூரத்துக்குள்.

காரணம் சுத்தம், ஆழம் இரண்டும். வெயிலில் இருக்கும் சிவப்பு, மஞ்சளைத் தண்ணீர் விழுங்கிவிடும். நீலம் மட்டும் அதிக ஆழம் வரை போகும், போகிற வழியில் நீர் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறித் திரும்பி வரும். வண்டலும் பாசியும் நிறைந்த ஏரியில் அதற்கு முன்பே அது தடைபட்டுப் போய்ப் பச்சையோ பழுப்போ தெரியும். இங்கே வண்டல் கொண்டுவர ஆறு இல்லை. ஏன் ஆறு இல்லை? மலை விழுந்ததால் சுற்றிலும் சுவர், சுவருக்கு வெளியே எல்லாச் சரிவும் வெளிப்பக்கம். மழை எங்கே பெய்தாலும் விளிம்புக்கு அப்பால் விழுந்த சொட்டு ஏரிக்கு வராது. விழுந்த விதமும் நீலமும் ஒரே சங்கதி என்று 12-ஆம் தேதி நான் அடம்பிடித்தது இதனால்தான்.

தெளிவை அளக்க 20 சென்டிமீட்டர் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். கண்ணுக்கு மறையும் ஆழம்தான் அளவு. சராசரி முப்பது மீட்டர். 1997-இல் 43.3 மீட்டர் வரை தெரிந்தது.

ஜூலை 20

ஆழத்தை முதலில் யார் அளந்தது என்று கேட்ட தங்கைக்கு.

1886-இல் அமெரிக்க நிலவியல் துறையின் கிளாரன்ஸ் டட்டனும், இந்த ஏரிக்காகவே வாழ்நாளைக் கொடுத்த வில்லியம் கிளாட்ஸ்டோன் ஸ்டீலும். போர்ட்லாந்தில் படகு கட்டி, ரயிலில் ஏற்றி, குதிரை வண்டியில் மலைக்கு இழுத்து, அந்தச் செங்குத்துச் சுவரில் கயிறு போட்டுத் தண்ணீரில் இறக்கினார்கள். படகின் பெயர்தான் கிளீட்வுட். பியானோவுக்குப் போடுகிற கம்பியில் எடையைக் கட்டி 168 இடங்களில் விட்டுப் பார்த்தார்கள். கிடைத்த அதிகபட்சம் 608 மீட்டர். 2000-இல் ஒலியலைக் கருவியால் அடித்தளம் முழுக்க வருடி எடுத்தபோது வந்தது 594. பியானோக் கம்பிக்கும் ஒலியலைக்கும் பதினாலு மீட்டர்தான் வித்தியாசம்! அந்த மனிதர்களை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

பூங்காவாக அறிவிக்க ஸ்டீல் பதினேழு ஆண்டு அலைந்தார். 1902 மே 22-இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார்.

ஜூலை 20, இரவு

அந்த 2000 வரைபடத்தில்தான் அடியில் இன்னொரு எரிமலைக் குடும்பமே துல்லியமாகத் தெரிந்தது. வெளியே தெரிகிற விசார்ட் தீவு தண்ணீருக்கு மேல் 230 மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் கூம்பு, அதன் தலையிலும் ஒரு குழி. மெரியம் கூம்பு முழுக்க முங்கிக் கிடக்கிறது. பள்ளம் விழுந்து ஐந்நூறு ஆண்டுக்குள் இவை வளர்ந்தன, ஏரி நிரம்பிக்கொண்டிருந்த அதே காலத்தில். கடைசியாகச் சுமார் 4,800 ஆண்டுக்கு முன் தண்ணீருக்கடியில் எரிமலைக் குழம்பு குமிழ் மாதிரி ஒரு சின்ன மேடாக எழுந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆனால் எரிமலை செத்துவிடவில்லை. 1988, 89-இல் ஓராள் நீர்மூழ்கியில் இறங்கினவர்கள் அடியில் வெந்நீர் ஊறும் இடங்களையும், அங்கே மெத்தை மெத்தையாக வளர்ந்திருந்த பாக்டீரியாக்களையும் பார்த்தார்கள்.

ஜூலை 22

ஒரு தம்பி, "நயோஸ் ஏரி மாதிரி விஷக் காற்று வராதா?" என்று பயந்து எழுதியிருக்கிறார். பயம் நியாயமானது. கேமரூனில் 1986 ஆகஸ்ட் 21 இரவு நயோஸ் ஏரி அடியில் தேங்கிய கரியமில வாயு ஒரே மூச்சில் வெளியேறி, தாழ்வான கிராமங்களில் பரவி, 1,700-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மாடு கன்றுகளும் ஆயிரக்கணக்கில்.

நயோஸில் அடித்தண்ணீரும் மேல்தண்ணீரும் கலப்பதே இல்லை. வெப்பநாட்டு ஏரி, மேலே எப்போதும் சூடு, கனமான தண்ணீர் அடியிலேயே கிடக்கும், வாயு சேர்ந்துகொண்டே போகும். கிரேட்டர் லேக்கில் குளிர்காலக் காற்றும் குளிர்ந்த மேல்தண்ணீரும் ஆழத்துக்கு இறங்குகின்றன, அடிமட்டம் வரை ஆக்சிஜன் இருக்கிறது. வாயு சேர்ந்து நிற்க வழி இல்லை. நயோஸில் 2001 முதல் குழாய் இறக்கி வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்ச விட்டார்கள்.

ஜூலை 23

லோனாரோடு ஒப்பிடாதீர்கள். மகாராஷ்டிரத்து லோனார் விண்கல் மோதிய குழி, 1.8 கிலோமீட்டர் அகலம், பிறப்பே வேறு. ஒப்பிடுவதானால் சுமத்ராவின் தோபா ஏரி. 74,000 ஆண்டுக்கு முன் இதே முறையில் அறை காலியாகிக் கூரை இறங்கியது, ஆனால் நீளம் நூறு கிலோமீட்டர். ஆழம் ஐந்நூறு மீட்டர். அந்தச் சாம்பல் ஆந்திரத்தில் ஜ்வாலாபுரம் வரை வந்து படிந்திருக்கிறது, கனத்த அடுக்காகத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதற்குத் தனி இழை போடலாம். யாராவது ஆரம்பியுங்கள், வந்து சேர்கிறேன்.

ஜூலை 26

டில்லருக்கும் வில்லியம்ஸுக்கும் முன்னால் சொன்னவர்களை இதுவரை நான் எழுதவில்லை, அது சரியில்லை. கிளாமத் மக்கள். அந்த மண்ணுக்குரியவர்கள். அவர்கள் கதையில் கீழுலகின் தலைவன் லாவோ அந்த மலைக்குள் இருந்தான். மேலுலகின் ஸ்கெல் அவனோடு போரிட்டான். நெருப்பும் பாறையும் பறந்தன. கடைசியில் தோற்ற லாவோ கீழே தள்ளப்பட, மலை அவன்மேல் சரிந்து விழுந்தது, பள்ளத்தில் தண்ணீர் நிறைந்தது.

மலை விழுந்தது என்றுதான் கதை சொல்கிறது, பறந்தது என்று சொல்லவில்லை.

பார்த்தவர்கள் சொன்ன கதையா? அந்த வட்டாரத்தில் அப்போது ஆட்கள் இருந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. 1938-இல் தொல்லியலாளர் லூதர் கிரெஸ்மன் ஃபோர்ட் ராக் குகையில் மசாமா சாம்பலுக்கு அடியிலிருந்து செருப்புகள் எடுத்தார். புதர்ப்பட்டையை முறுக்கிப் பின்னிய செருப்புகள், ஒன்பதாயிரம் ஆண்டுக்கு மேல் பழசு. அந்தச் சாம்பல் விழுவதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாக அங்கே நடந்த கால்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் கண்ணால் கண்டதுதான் இந்தக் கதை என்று நம்புகிறவன் நான்.

ஜூலை 27

நிற்கும் மரத்தைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆமாம், உண்மை. 'ஏரிக் கிழவர்' என்று கூப்பிடும் ஒரு ஹெம்லாக் மரத்தடி செங்குத்தாக நின்றபடி மிதக்கிறது. மொத்தம் ஒன்பது மீட்டர், மேலே தெரிவது ஒரு ஆள் இடுப்புயரத்துக்குச் சற்று அதிகம், வெயிலில் வெளுத்த எலும்பு நிறம். 1896-லேயே டில்லர் அதைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறார். 1938 கோடையில் மூன்று மாதம் பின்தொடர்ந்து பார்த்ததில், காற்றோடு நூறு கிலோமீட்டர் சுற்றியிருந்தது. நீர்மூழ்கி இறங்கியபோது இடைஞ்சல் வேண்டாம் என்று அதைத் தீவோரம் கட்டிப் போட்டார்களாம், உடனே வானிலை கெட்டதாம், அவிழ்த்துவிட்டதும் வெளுத்ததாம். படகு வழிகாட்டிகள் சொல்லும் கதை. நான் படகில் போன அன்று அவர் எதிர்க்கரையில் இருந்தார், ஒரு வெள்ளைப் புள்ளி மட்டும்தான் கிடைத்தது.

ஆகஸ்ட் 2

மீன் பிடிக்கலாமா என்று கேட்ட அண்ணனுக்கு: தாராளமாக. அந்த ஏரிக்கு உரிமம் வேண்டாம், எத்தனை பிடித்தாலும் வரம்பு இல்லை. ஏனென்றால் ஒரு மீனும் அங்கே இயற்கையாக இருந்ததில்லை. 1888-இல் ஸ்டீலே வாளியில் குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு மலையேறினார், பெரும்பாலானவை வழியிலேயே செத்தன. 1941 வரை ஆறு வகை விட்டார்கள், ரெயின்போ டிரவுட்டும் கோகனியும் மட்டும் தங்கின.

மீனைவிட இறால்தான் வினை. மீனுக்குத் தீனி என்று 1915-இல் நன்னீர்க் கல்லிறால் விட்டார்கள். அது இப்போது கரையோரம் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டது. உலகத்தில் அந்த ஏரியில் மட்டுமே வாழும் மசாமா நியூட் என்ற வாலுள்ள நீர்நில வாழ்வி அதனால் அழிவின் ஓரத்துக்குப் போய்விட்டது. எதிரியே இல்லாமல் வாழ்ந்ததால் அதன் தோலில் அக்கம்பக்கத்து உறவுகளுக்கு இருக்கும் கடும் விஷம்கூட அவ்வளவாக இல்லை, இறாலுக்கு அது லேசான இரை. பாசி மேயும் சின்னப் பூச்சிகளையும் இறால் தின்றுவிடுவதால், இறால் பெருத்த இடங்களில் கரைக்கல்லில் பாசி அதிகம். ஆறு கொண்டுவராத அழுக்கை நாமே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

எனவே அண்ணே, தூண்டில் எடுத்துப் போங்கள், ஆனால் உயிருள்ள இரையோ மண்புழுவோ கூடாது, செயற்கை இரை மட்டும்தான் அனுமதி. வேறு ஏரியில் நனைத்த வலை, மிதவை, நீச்சல் சாமான் எதையும் கீழே கொண்டு இறங்காதீர்கள். ஜூலைக் கடைசி முதல் செப்டம்பர் நடு வரை போகலாம். காட்டுத்தீப் புகை இருக்கும் வாரத்தில் எதிர்க்கரையே தெரியாது, கிளம்பும் முன் புகை நிலவரம் பார்த்துக்கொள்ளுங்கள்.